பொன்மணி அக்கா கொடுத்த நற்சான்று

2025 பிப்ரவரி 12, புதன்

மயிலாப்பூர் பல் டாக்டர், நான் செய்த பீங்கான் முன்பல் ஒன்றை நான்காவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். "நிறம் சேரவில்லை." மேல் வரிசை, இடப்பக்கம், யாரோ ஒரு வங்கி மேலாளருக்கு. மூன்று முறை நிறம் மாற்றிப் பார்த்தாயிற்று. இன்று ஒன்றுமே செய்யவில்லை. பல்லைக் கழுவி, புது டப்பாவில் வைத்து, புதுச் சீட்டு ஒட்டி அனுப்பிவிட்டேன். மாலையில் போன்: "இதுதான்மா கரெக்ட். முதல்லயே இப்படிக் குடுத்திருக்கலாம்ல?"

குடுத்திருக்கலாம் சார்.

இந்த நோட்டு புதியது. வீட்டில் அம்மிக்கு, அதாவது அம்மாவுக்கு, உருது மட்டும்தான் படிக்க வரும், தம்பி ஃபைசானுக்கு ஆங்கிலம். தமிழில் எழுதினால் பூட்டு வாங்க வேண்டியதில்லை. மீர்சாகிப்பேட்டையில் இரண்டு அறை வீட்டில், எனக்கென்று கதவு உள்ள இடம் இது ஒன்றுதான்.

ஆகையால் எழுதலாம்: கேரல் பதில் போட்டுவிட்டார். வேலை தருகிறாராம்.

பிப்ரவரி 13

நேற்று அந்த ஒரு வரியை எழுதியதும் ஏதோ திருடியவள் மாதிரி நோட்டை மூடிவிட்டேன். இன்று ஒழுங்காக.

கனடாவில் சின்ன ஊர்களுக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. இளைஞர்கள் பெருநகரங்களுக்குப் போய்விடுவதால், தொழில் தெரிந்தவர்களை அந்த ஊர்களே வெளியிலிருந்து கூப்பிடுகின்றன. ஊரில் ஒருவர் வேலை தர வேண்டும். ஊர்க் குழு பரிந்துரைக்க வேண்டும். பிறகு அரசாங்கம் எல்லாவற்றையும் சரிபார்த்து பி.ஆர். தரும் — நிரந்தரமாக வசிக்கும் உரிமை. கேரல் அங்கே ஒரு பல் லேப் வைத்திருக்கிறார். வயது அறுபத்திரண்டு, மணிக்கட்டு வலி. ஒன்பதாயிரம் பேர் உள்ள ஊருக்கு ஆள் கிடைக்காமல் விளம்பரம் பதினோரு மாதமாகக் கிடந்ததாம்.

நான் செய்த பற்களின் படங்களை அனுப்பியிருந்தேன். மற்ற லேப்காரர்கள் எல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை செய்வாய் என்று கேட்டார்கள். கேரல் கேட்டது: "நுனியில் அந்தத் தெளிவை எப்படிக் கொண்டுவந்தாய்?" இரண்டு பக்கம் பதில் எழுதினேன். நான் இதுவரை எழுதிய நீளமான கடிதம், பல்லின் நுனியைப் பற்றி.

அம்மிக்கும் என் சிநேகிதி அனுப்ரியாவுக்கும் மட்டும் தெரியும். அவ்வளவு போதும். எனக்குப் பல் டாக்டர் படிப்புக்குச் சீட் கிடைக்காத வருடம் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. தெரு முழுக்க ஆறுதல் சொன்னது. பால் வாங்கப் போனால்கூட ஆறுதல். இனி எதுவாக இருந்தாலும் கையில் கிடைத்த பிறகுதான் வாயைத் திறப்பது.

பிப்ரவரி 27

பொன்மணி அக்காவுக்கு இன்று பெருமை தாங்கவில்லை. லேபில் போனை எடுப்பதும், டாக்டர்களுக்குப் பார்சல் அனுப்புவதும் அவர் வேலை. கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து கதவைத் திறப்பவரும் அவரே.

மெழுகு வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் லேபுக்குப் போன் செய்து விசாரித்தபோது எடுத்துப் பேசியது அக்கா.

"நான் குடுத்த குடுப்புல அவங்க வேற பொண்ணே பாக்கல தெரியுமா? இது ரெண்டாவது கேஸ். போன வருஷம் ஒண்ணு."

"அப்படி என்னக்கா சொன்னீங்க?"

"அதுல ஒரு கணக்கு கீது கண்ணு. வேலைக்கு வர்ற பொண்ணுன்னா அவங்களுக்கு ஒரு பயம். சம்பாதிக்கிற திமிர் இருக்குமோ, ராத்திரி லேட்டா வருமோன்னு. அதைத்தான் மொதல்ல உடைக்கணும். உனுக்கும் ஒரு நாள் வரும் பாரு, அசத்திடறேன்."

சிரித்துவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 19

நோன்பு நாட்கள். பதினெட்டாவது நோன்பு. வேலை சீக்கிரம் முடிகிறது, அதனால் தைரியமும் சீக்கிரம் வருகிறது. நூர் முஹம்மது பாயிடம் சொல்லிவிட்டேன். விண்ணப்பத்துக்கு அவர் அனுபவக் கடிதம் தர வேண்டும், வேறு வழியில்லை.

பாய் பல் சுடுகிற ஃபர்னஸின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். "சொல்லாம கொள்ளாம போனவன் இந்த லேப்ல நாலு பேரு. சொல்லிட்டுப் போறவ நீதான் மொத ஆளு." பிறகு, "குளிர்ல பீங்கான் பவுடர் சீக்கிரம் காயாதேம்மா, என்னா பண்ணுவே?" ஆறு வருட முதலாளி கேட்ட ஒரே கவலை அதுதான்.

என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எல்லாம் சேர்த்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"லேப்ல சொல்லலாமா?"

"வேண்டாம் பாய். கிடைக்கலன்னா?"

"சரி. நான் மூச்சு விடமாட்டேன்." அவர் விடமாட்டார். மனைவிக்கு வாங்கிய வளையலை ஒன்றரை வருடம் மேசை டிராயரில் ஒளித்து வைத்திருந்தவர்.

மே 3

ஆங்கிலத் தேர்வு முடிவு வந்தது. படிப்பதில் முழு மதிப்பெண். பேசுவதில்தான் குறைந்தது. என்னைத் தெரிந்த யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

ஊர்க் குழுவின் நேர்காணல். வீட்டில் முடியாது — எதிர்வீட்டில் கல்யாண ஒலிபெருக்கி. அடையாறில் அனுப்ரியா வீட்டுக்குப் போய் அவள் அறையில் உட்கார்ந்தேன். அவள் கதவுக்கு வெளியே காவல்.

திரையில் மூன்று பேர். ஒருவர் உருளைக்கிழங்கு வியாபாரி, ஒருவர் நகராட்சி, ஒருவர் நூலகத்தை நடத்துகிற அம்மாள். பல்லைப் பற்றி யாருமே கேட்கவில்லை. "எங்கள் ஊரில் குளிர்காலம் ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய்?"

"படிப்பேன். பனியை நான் ரஷ்ய நாவல்களில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லோரும் பனி பெய்யும்போது ஏதாவது தப்பான முடிவு எடுப்பார்கள். நான் வீட்டுக்குள் இருந்துவிடுவேன்."

நூலகத்து அம்மாள் சிரித்தார். உருளைக்கிழங்குக்காரர் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார்?

வெளியே வந்தால் அனுப்ரியா: "ஏண்டி, யாரும் தொந்தரவு பண்ணாத இடம் வேணும்னு போறே. ஒம்பதாயிரம் பேரு ஊர்ல நீ என்ன ஷாம்பு போடுறேங்கிறது வரைக்கும் தெரிஞ்சிடும்." அதை நான் யோசித்ததே இல்லை. பெசன்ட் நகர் வரை நடந்துபோய், கடலைப் பார்த்துக்கொண்டு மாங்காய் சாப்பிட்டோம். குப்பத்துப் பக்கம் படகுகளை இழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஜூலை 8

பரிந்துரை வந்துவிட்டது!! அம்மியிடம் சொன்னேன். "அரே, அந்த ஊர் பேரை இன்னொரு தடவை சொல்லு" என்றாள். மூன்று முறை சொல்லியும் அவளுக்கு வரவில்லை. "எப்படியோ போகட்டும், போஸ்ட்மேனுக்குத் தெரிஞ்சா போதும்."

ஜூலை 24

விண்ணப்பம் போயிற்று. நூற்றுப் பதினெட்டுப் பக்கம். இனி காத்திருப்பதுதான்.

செப்டம்பர் 2

மருத்துவப் பரிசோதனை. எக்ஸ்ரே எடுத்தவருக்கு முன்பல் ஒன்றில் பீங்கான் உறை. நல்ல வேலை இல்லை. சொல்லவில்லை.

நவம்பர் 4

பாய் ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், மூன்று நாள். மழை. பொன்மணி அக்கா எனக்கு மட்டும் மல்லிகைப்பூ வாங்கி வந்து, கேட்காமலேயே தலையில் வைத்துவிட்டார். "இன்னாக்கா விசேஷம்?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். "நல்ல சேதி வரும். வரும்போது நீயே தெரிஞ்சுக்குவே." ஒரு மாதிரி சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நவம்பர் 19, புதன்

கனடா அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான் காத்திருந்தது இல்லை. வேற ஒண்ணு.

அப்படியே தமிழில் எழுதிவைக்கிறேன், அப்போதாவது மண்டையில் ஏறுகிறதா பார்ப்போம்: "உங்கள் பணியிடத்தைத் தொலைபேசியில் தொடர்புகொண்டபோது, நீங்கள் பொழுதுபோக்குக்காக மட்டும், காலையில் சில மணி நேரம் வருவதாகவும், உங்களுக்கு வேலை அவசியமில்லை என்றும் அங்கு பணிபுரிபவர் தெரிவித்தார். இது உங்கள் அனுபவக் கடிதத்துக்கு முரணாக உள்ளது. முப்பது நாட்களுக்குள் விளக்கம் தரவும்."

பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. கேரல் ஐந்து வருடம் காத்திருக்க மாட்டார். அவர் மணிக்கட்டு காத்திருக்காது.

பொழுதுபோக்கா? ஆறு வருஷம் நான் பொழுதையா போக்கினேன்? கழுத்து வலிக்கு வாங்கின எண்ணெய் பாட்டிலை எல்லாம் அடுக்கினா சுவர் எழுப்பலாம். யார் சொன்னது இப்படி? எதுக்கு? எனக்கு அங்க யார் என்ன கெடுதல் —

அம்மி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 20

காலையில் நேராக பாயிடம் போய்க் கடிதத்தைக் காட்டினேன். பாய் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி படித்தார். "நான் ஊர்ல இல்லாதப்போ போன் எடுத்தது யாரு?"

எங்கள் லேபில் போன் எடுக்கிறவர் ஒருவர்தான்.

அக்கா அப்போது பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தார். பாய் கூப்பிட்டுக் கேட்டதும் முகம் பூவாய் விரிந்தது. "ஆமாம் பாய், ஒரு பொம்பள பேசினாங்க. நல்ல தமிழு. ஃபாரின் விஷயமா ரூபீனாவப் பத்தி விசாரிக்கிறோம்னாங்க. எத்தினி வருஷமா வருது, இன்னா வேலை, முழு நாளும் இருக்குமான்னு எல்லாம் கேட்டாங்க. மாப்பிள்ளைக்கு அக்கா போலன்னு நெனைச்சேன். குரல்ல அவ்ளோ கண்டிப்பு."

"நீ இன்னா சொன்னே?"

"சொல்ல வேண்டியதத்தான் சொன்னேன். வேலை செஞ்சுதான் ஆவணும்னு இல்லம்மா, வீட்ல போரடிக்குதேன்னு வருது, காலைல வந்துட்டு மதியம் சாப்பாட்டுக்கெல்லாம் போய்டும், கல்யாணம் ஆனா மறுநாளே நின்னுடும்னேன். ஆம்பளைங்கள ஏறெடுத்துப் பாக்காதுன்னேன். பிரியாணி செஞ்சா தெருவே மணக்கும்னேன்."

எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியும். அதுவும் சில நாள் வெடித்துவிடும்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னேன், கனடா, பி.ஆர்., எல்லாம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. லேப் முழுக்க மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அக்காவின் கையில் டேப் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "ஐயோ கண்ணு..." என்றார். பிறகு கோபம் வந்துவிட்டது, என் மேலே. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னா சொல்லணுமோ அத்த அசத்தலா சொல்லியிருப்பேனே! ஒம்பது மாசமா பக்கத்துல உக்காந்து சோறு துன்னுக்கினு, என்கிட்ட சொல்லல நீ! நான் இன்னா, ஊரெல்லாம் தண்டோரா போடறவளா?"

ஆமாம் என்று நினைத்துத்தான் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது? அவர் அழுதார். நானும். மதியச் சாப்பாடு யாரும் சாப்பிடவில்லை.

நவம்பர் 21

அக்கா வரவில்லை. முதல் முறையாகக் கதவை பாய் திறந்தார், தப்பான சாவியை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு.

யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததில் என்ன தப்பு? தனக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு பெண்ணுக்கு என்ன நல்லதோ அதைச் செய்தார். அந்த உலகத்தை விட்டு நான் போகிறேன் என்பதைச் சொல்லாதது நான்தான். ஊரே ஆறுதல் சொல்லுமே என்று பயந்து ஒளித்தேன். இப்போது லேபே ஆறுதல் சொல்கிறது, டாக்டர் சீட் போன கதையைவிட அதிகமாக. இவ்வளவு ஒளித்து என்ன மிச்சம்?

நவம்பர் 22, சனி

மதியம் கண்ணகி நகர் போனேன். வீட்டை விசாரிக்கத் தேவையே இல்லை. பொன்மணி என்றதும் நான்கு பேர் கை காட்டினார்கள். கதவு திறந்ததும் அக்கா முதலில் கேட்டது, "சாப்ட்டியா?" சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் மீன்குழம்பு. அதற்குப் பிறகுதான் மன்னிப்பெல்லாம். யார் யாரிடம் கேட்டோம் என்று சரியாக நினைவில்லை.

"எப்ப வரணும்?" என்றார்.

"திங்கள்கிழமை. கூடவே கோர்ட்டுக்கும் வரணும்."

"ஐயோ, என்னைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்களா?"

நவம்பர் 24

சைதாப்பேட்டை. நோட்டரி வக்கீல் முன்னால் பிரமாணப் பத்திரம். பெயர் சுப்பராமன், பழைய கறுப்புக் கோட்டு. விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை. "முப்பது வருஷ சர்வீஸ்மா. பொய் சொல்லிட்டேன்னு தானா வந்து எழுதிக் குடுக்கறவாளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"பொய்யில்ல சார், விசாரிப்புக்குச் சொல்றது" என்றார் அக்கா, கண்டிப்பாக.

கடைசியில் இப்படி ஆயிற்று: "பேசியவர் மணமகன் வீட்டைச் சேர்ந்தவர் என்று நல்லெண்ணத்துடன் கருதி, வழக்கப்படி கூறினேன்." வழக்கப்படி என்ற சொல்லை அக்காதான் போடச் சொன்னார். கையெழுத்தைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாகப் போட்டார்.

நவம்பர் 28

கடிதங்கள், வங்கித் தாள்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் முழு நாளும் வேலை செய்தேன் என்பதற்கு? பாய்தான் சொன்னார்: "கேஸ் சீட்டு."

எங்கள் லேபில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சீட்டு. யார் செய்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு முடித்தது. பல் உடைந்து திரும்பி வந்தால் யார் என்று பார்க்க. ஒன்றையும் எறிவதில்லை, பரணில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. இன்று ஆறு மூட்டையை இறக்கினோம். பிளாஸ்டர் தூசி, எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. ஏழு பேரும் வட்டமாக உட்கார்ந்து 'ரூ' என்று கையெழுத்திட்ட சீட்டுகளைப் பொறுக்கினோம்.

"மாலை ஆறு இருபது, ரூ."

"ஆறு நாப்பது, ரூ. இன்னா கண்ணு, வீட்டுக்கே போவ மாட்டியா?"

"இதோ ரம்ஜானுக்கு மறுநாள், காலை ஒன்பதரை, ரூ."

ஆறு வருடத்தை யாரோ சத்தமாகப் படித்துக் காட்டுவதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் எண்ண முடியவில்லை. ஒரு வருடத்தை மட்டும் எடுத்து, ஸ்கேன் செய்தோம்.

டிசம்பர் 6

விளக்கக் கடிதம் எழுதி முடித்தேன், நான்கு பக்கம். டி. நகரில் உள்ள எங்கள் லேபில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பற்றி ஏன் அப்படிச் சொல்வாள் என்பதை, எங்கள் கல்யாண விசாரிப்புகளைக் கேள்விப்படாத ஒருவருக்குப் புரியவைக்க வேண்டும். அக்காவை அசடாகக் காட்டவும் கூடாது. இவ்வளவு புத்தகம் படித்ததெல்லாம் இதற்குத்தானோ? கடைசிப் பத்தியில், எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதையும் தெளிவுபடுத்தியிருக்கிறேன். உண்மை முழுமையாக இருக்கட்டும்.

அனுப்பிவிட்டேன்.

2026 ஜனவரி 9

பதில் இல்லை. அக்கா போனை எடுக்கும் விதமே மாறிவிட்டது. தெரியாத நம்பர் என்றால் எடுத்த எடுப்பிலேயே, "வணக்கம், முழு நேர வேலை, காலைல ஒம்பதரைலேர்ந்து சாயங்காலம் ஆறரை!" வடபழனியில் புதிதாக க்ளினிக் திறந்த டாக்டர் ஒருவர், "சரிங்க, எனக்கு ஒரு பல்செட்தான் வேணும்" என்றாராம்.

பிப்ரவரி 17

இன்று வந்தது, அந்தப் போன்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அக்கா நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதே அம்மாளாம். பாய் ஓடிவந்தார், அக்கா கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

"ஆமாம்மா, அன்னிக்குப் பேசினது நான்தான். நான்தான் எழுதியும் குடுத்தேன்." அந்தப் பக்கம் ஏதோ கேள்வி. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது இன்னா வேலை செய்யும்னா... பல்லும்மா. முன்னாடி பல்லு எல்லாம் அது மட்டும்தான். பீங்கான் மாவு கீதே, அத்த பிரஷ்ல தொட்டுத் தொட்டு வெக்கும். அஞ்சாறு கலரு. நுனில ஒரு கண்ணாடி மாதிரி வரும் பாருங்க, உங்க பல்லுலயும் இருக்கும், கண்ணாடில பாருங்க — அது வேற யாருக்கும் வராது. சூளைல வெக்கும், எடுக்கும், வெளிச்சத்துல திருப்பிப் பாக்கும், புடிக்கலன்னா ஒடைச்சிடும். டாக்டரே நல்லாகீதுன்னாலும் ஒடைச்சிடும். நான் கத்துவேன். சாயங்காலம் வெளிச்சம் போய்டுச்சின்னா மட்டும் கலர் பாக்காது, அப்ப மெழுகு வேலை பண்ணும். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், அதுலயும் புக்கு."

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். ஆறு வருடத்தில் ஒரு முறைகூட என் மேசைக்கு வந்து வேலையைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. பார்த்திருக்கிறார். சாயங்கால வெளிச்சத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதே கிடையாது.

இன்னொரு கேள்வி. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "சமையலா? இல்லம்மா. சுத்தமா வராது."

மார்ச் 30

ஒன்றுமில்லை. பெருநாள் முடிந்து ஒன்பது நாளாகிறது. கேரல் ஒரு படம் அனுப்பினார்: ஜன்னல், அதன் கீழே ஒரு மேசை, வெளியே பனி. வடக்குப் பார்த்த ஜன்னலாம். காத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஏப்ரல் 16, வியாழன்

காலை பத்தே முக்காலுக்கு மெயில் வந்தது. பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்கிறார்கள், அனுமதி தந்தாயிற்று. கடைசி வரி வரை படித்துவிட்டு எழுந்து நின்று, "கிடைச்சிடுச்சு" என்றேன். என் தொண்டைக்குள் இவ்வளவு பெரிய குரல் இருப்பது இன்றுதான் தெரிந்தது. மெழுகு வேலை பார்க்கிற பெண் ஒரு கடைவாய்ப்பல்லைக் கீழே போட்டுவிட்டாள். பொன்மணி அக்கா வாடிக்கையாளர் லைனில் இருக்கும்போதே, "நம்ம ரூபீனா கனடா போவுது டாக்டர், உங்க கேஸ் நாளைக்குத்தான்" என்று வைத்துவிட்டார். பாய் ஃபர்னஸுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார்.

பிறகு அனுப்ரியாவுக்குப் போன் செய்தேன். கேரலுக்கு எழுதினேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்மணி ஏம்மா சிரிக்கிறே என்றார், அவரிடமும் சொன்னேன். பால் கடையிலும் நானே சொன்னேன், யாரும் கேட்காமலே. அம்மி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஊர் பேரை ஒரே மூச்சில் சரியாகச் சொன்னாள். எத்தனை நாளாகப் பயிற்சி செய்தாளோ.

இப்போது மாலை ஏழு. கூடத்தில் ஃபைசான் யாருக்கோ போனில் விளக்கிக்கொண்டிருக்கிறான், பாதி தப்பாக. போய்த் திருத்த வேண்டும். இந்த நோட்டுக்குத்தான் கடைசியாகச் சொல்கிறேன்.